நாலாவது இருக்கை

டோம்பிவிலியில் புறப்படும் எட்டு பதினான்கில்
பெண்கள் பெட்டியின் மூவர் இருக்கையில்
நான்கு பேர் உட்காருவது சட்டம்.
எழுதாத சட்டம், அதனால் மீற முடியாதது.
நாலாவது ஆளுக்குப் பாதிப் பலகை,
ஒரு கால் நடைவழியில்.
'ஜரா சர்கா' என்றால் போதும்,
மூன்று இடுப்பும் ஜன்னல் பக்கம் நகரும்.

என்னிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.
பதினொரு வருஷம்.
பார்ப்பார்கள், மனசுக்குள் கூட்டுவார்கள்:
நான் ஒருத்தி, பக்கத்தில் ஒருத்தி, வரிசை முடிந்தது.
கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள் நான்,
அந்தக் கூட்டல் எனக்குக் கேட்கும்.

நூற்றுப் பதினெட்டு கிலோ.
வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று நாற்பது.
ஃப்ரிட்ஜ் கதவில், எலுமிச்சைக்குப் பக்கத்தில்
இன்சுலின் பேனா.
'வாயைக் கட்டு' என்றாள் நாத்தனார் கோமளவல்லி
மைசூர்பாகுத் தட்டை நீட்டியபடியே.
கட்டினேன். ஆறு தடவை.
கொள்ளுக் கஞ்சி, வெந்தயத் தண்ணீர்,
விடியுமுன் மைதானத்தை எட்டுச் சுற்று.
ஒவ்வொரு தடவையும் போன எடை
உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

தாதரில் டாக்டர் மிருணாள் தாம்லே
மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு வயிறு வரைந்தார்.
கத்தரிக்காய் மாதிரி இருந்தது.
நெடுக ஒரு கோடு இழுத்தார்,
மிச்சம் ஒரு வாழைக்காய்.
'அழகுக்காக இல்லை, சர்க்கரைக்காக.
பசியைச் சுரக்கிற இடமும்
பெரும்பாலும் இந்தப் பக்கம்தான், போய்விடும்' என்றார்.
அன்றுவரை என் பசியை
என் குணம் என்றே நினைத்திருந்தேன்.

ஆபீஸ் சொசைட்டியில் கடன்.
சம்மதத் தாளில் தணிகாசலம்
இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.
இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

ஐந்து துளை.
மருந்து மூடியில் தண்ணீர், பத்து நிமிஷத்துக்கு ஒரு வாய்.
மூன்றாம் நாள் இன்சுலின் இல்லாமலே நூற்று இருபத்தாறு.
நர்ஸ் ஷைனி இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தாள்,
கருவி பொய் சொல்கிறதோ என்று.

வெட்டியதை எங்கே கொண்டுபோனீர்கள் என்றேன்.
சோதனைக்கூடத்துக்காம்.
எத்தனை கல்யாணப் பந்தி,
எத்தனை ராத்திரி சமையலறை விளக்கைப் போடாமல்
நின்றபடி தின்றது,
எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில்,
லேபிள் ஒட்டி,
என் இனிஷியலைத் தப்பாக எழுதி.

சீப்பில் கொத்தாக முடி வருகிறது.
கையைத் தூக்கினால் தோல் அரை நொடி பிந்தி வருகிறது.
வைட்டமின் ஆயுளுக்கும்.
ரசஞ்சாதம் நாலு கரண்டி, ஐந்தாவது நெஞ்சிலேயே நிற்கும்.
எதிரில் தணிகாசலம்
அப்பளத்தைச் சத்தமில்லாமல் உடைக்கப் பார்க்கிறார்.
அது நடக்கிற காரியமா.

பசிக்காத சாயங்காலம் எவ்வளவு நீளம் என்று
யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
ஒரு தடவை அழுதேன்,
பசிக்காகத்தான்.

'ஷார்ட்கட்' என்றாள் பக்கத்து மேஜை ஸ்வப்னாலி.
இந்த ஊரில் ஷார்ட்கட் என்றால்
தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது.
நான் பாலம் ஏறித்தான் வந்தேன்,
ஒவ்வொரு படியிலும் நின்று.

எட்டு மாசம். எழுபத்தொன்பது கிலோ.
'சர்க்கரை தூங்குகிறது, செத்துவிடவில்லை' என்கிறார் டாக்டர்.
மூன்று மாசத்துக்கு ஒரு தடவை
ரத்தம் கொடுத்து எட்டிப் பார்க்கிறோம்.

போன செவ்வாய், தாணேயில்
டிபன் பையோடு ஒருத்தி ஏறினாள்.
மூச்சிரைத்தாள். என் பழைய உடம்பு அவளுக்கு.
வரிசையைப் பார்த்தாள், தயங்கினாள்,
வாயைத் திறந்து மூடினாள்.
பிறகு என்னிடம், மெதுவாக:
'ஜரா சர்கா.'

யாரிடம் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.
அப்புறம் நகர்ந்தேன்.
அவள் உட்கார்ந்ததும் மூவரும் நசுங்கினோம்,
'ஸாரி' என்றாள்.
இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன்.
பெட்டியின் தகரச் சுவர் பக்கவாட்டில் இடித்தது.
எனக்கு இடுப்பெலும்பு என்று ஒன்று இருப்பது
குர்லா வரைக்கும் வலித்தது.