பூச்சியம்

ஊசி இல்லை என்று முதலில் சொன்னேன்.
அதன் பிறகுதான் வகுப்பு மூச்சு விட்டது.
ஒரு சொட்டு இரத்தமும் வேண்டாம்,
நீங்கள் வேண்டாமென்று விடுவதில்
சுண்டுவிரல் நுனியளவு போதும்.
சொல்லி முடியவில்லை,
பின்வாங்கு சிரித்து உருண்டது.

முப்பது டப்பி கொடுத்தேன், மூடியில் இலக்கம்.
வந்தது இருபத்தாறு.
ஒன்றில் ஆட்டுப் புழுக்கை.
ஒன்றில் நாலாய் மடித்த கடதாசி:
"இண்டைக்கு வரல்ல மிஸ், நாளைக்குக் கட்டாயம்."

மண்டூர்த் துறையில் பாதை ஏறினேன்.
மடியில் றெஜிபோம் பெட்டி.
"என்ன மிஸ், இறாலா?" என்றார்
சைக்கிளைப் பிடித்தபடி நின்றவர்.
ஐஸ் உருகி வாவியில் சொட்டியது.
இறால்தான் என்றேன்.
விலை கேட்டார்.

களுவாஞ்சிகுடியில் கரண்ட் இல்லை.
பழைய நுணுக்குக்காட்டியை யன்னலுக்கு இழுத்து
கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்தேன்.
அவசரம்.
பச்சைச் செலோபன் தாளின் கீழே
கொக்கிப்புழு முட்டை அதிகநேரம் நில்லாது,
கிளிசரீனில் ஊறித் தெளிந்து
இருந்த இடமே தெரியாமல் போய்விடும்.
வட்டப்புழு அப்படியில்லை,
அன்னமுன்னாப் பழம்போல் முரட்டுத் தோல்.
சாட்டைப்புழு, இருமுனையும் தக்கை அடைத்த பீப்பா.
எண்ணு. இருபத்துநாலால் பெருக்கு. எழுது.
இங்கே சனம் புழுவைப் பூச்சி என்கிறது.
பூச்சி இல்லையென்றால் நான் எழுதுவது
பூச்சியம்.

பதினேழு, யதுர்ஷன்:
வட்டப்புழு நூற்றுப் பதினொன்று.
வலையில் மிஞ்சியது கொய்யா விதையும்
ஒரு கீற்று மிளகாய்த் தோலும்.
இருபத்துமூன்று, மிதுசன்:
நூற்றெட்டு.
வலையில் கொய்யா விதை, மிளகாய்த் தோல்.
ஒரே வயிறு
இரண்டு பெயரில் ஆறு கடந்து வந்திருக்கிறது.

வியாழன் குளிசையோடு போனேன்.
மிதுசனைத் தனியே கூப்பிட,
கூடவே வந்து நின்றான் யதுர்ஷன்.
"நான்தான் குடுத்த மிஸ். அவனுக்கு வரல்ல."
அடுத்த நாள் தந்திருக்கலாமே?
"திண்டாத்தானே மிஸ் வரும்."
மிதுசன் தன் சேட்டுப் பொத்தானைப் பார்த்தான்.
நான் என் சப்பாத்தை.

படிவத்தில் மூன்று கட்டம்:
உண்டு. இல்லை. மாதிரி தரவில்லை.
பேனை மூன்றின் மேலும் நின்று நின்று வந்தது.
பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம்தான்,
அது பூச்சி இல்லாத வயிற்றின் கணக்கு.
வெறும் வயிற்றின் கணக்கை
எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

சப்பித் தின்னுங்க என்றேன். தோடம்பழ ருசி.
முகம் சுளித்து விழுங்கிவிட்டு
எல்லாரும் விளையாட ஓடிப்போனார்கள்.
மிதுசன் மட்டும்
மணி அடித்த பிறகும் சப்பிக்கொண்டிருந்தான்.

திரும்பும் பாதையில் அதே சைக்கிள்காரர்.
பெட்டியை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார்.
"இண்டைக்கு ஒண்டும் படல்லையா, மிஸ்?"