தலைதட்டாத படி

ஒரு மணி நேர கேசட்.
உறைமேல் பால்பாயிண்டில்
"சாமான் பரப்பியது, கோட்டையூர், 2001."
செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி என் கடை.
படியேறி வந்த சிகப்பி மூச்சுக்கூட வாங்கவில்லை.
"தேவகோட்டைக் கோர்ட்டுல இதைப் போட்டுக் காட்டணும்.
சத்தம் ஒரு பக்கம் படம் ஒரு பக்கம்னு
எதிர்வக்கீல் சிரிக்கிறாரு."

சிரிக்கத்தான் தோன்றியது.
சாத்தப்பன் என்றொருவர் பட்டியல் வாசிக்கிறார்,
ஏலக் குரல்.
முதல் ஐந்து நிமிடம் யோக்கியம்:
குத்துவிளக்கு என்றால் குத்துவிளக்கு.
இருபதாம் நிமிடத்தில் மரவை என்கிறார்,
கேமரா கொட்டானுக்குப் போய்விட்டது.
நாற்பதில் வெள்ளிக் குடம் என்கிறார்,
திரையில் மங்குத் தட்டு, ஓரம் பெயர்ந்தது.
இரண்டு கிலோ வெள்ளி
அந்த இடைவெளியில் விழுந்து கிடக்கிறது.

முதலில் ஒலியை மொத்தமாக முன்னே நகர்த்தினேன்.
கடைசி சேர்ந்தது, தொடக்கம் பிரிந்தது.
எல்லோரும் செய்கிற தப்பு,
பன்னிரண்டு வருஷமாய் நானும் முதலில் அதைத்தான் செய்கிறேன்.

குற்றவாளி கேமரா.
விநாடிக்கு முப்பத்திரண்டாயிரம் துளி ஒலி என்று
கணக்கு எழுதிவிட்டு
முப்பத்தைந்து துளி கூடுதலாய் அள்ளியிருக்கிறது,
தலைதட்டாமல் அளந்த படி மாதிரி.
தாராளம்தான்.
ஒரு மணி நேரத்தில் அந்தத் தாராளம்
நாலு விநாடிக் கடன்.

இரண்டு ஆணி வேண்டும் எனக்கு, தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று.
மூன்றாம் நிமிடம் யாரோ இட்லிக் கொப்பரையின் மூடியைத் தவறவிடுகிறார்கள்:
தரையில் பட்ட கணம், அலையில் ஒரு முள்.
ஐம்பத்தொன்பதில் சாத்தப்பன் நோட்டை அறைந்து மூடுகிறார்:
இன்னொரு முள்.
இரண்டுக்கும் நடுவே ஒலியைக்
கொஞ்சமே கொஞ்சம் சுருக்கினேன்,
ஆயிரத்தில் ஒன்று, அதற்கும் ஒரு பொடி மேலே.
ராத்திரி பத்தரைக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்த, சேமித்துவிட்டு
கொசுவோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சிகப்பி வந்தபோது ஓட்டிக் காட்டினேன்.
மரவைக்கு மரவை. குடத்துக்குக் குடம்.
பிரஷர் குக்கர், ஹாட்பாக்ஸ், மூணு தகரப் பெட்டி,
ஒவ்வொன்றும் பேர் சொன்னதும்
ஆஜர் ஆனது.
"அவ்வளவுதான்" என்கிறார் சாத்தப்பன், நோட்டு மூடுகிறது.

பழைய கோப்பில் இந்த "அவ்வளவுதான்"
கல்யாணப் பெண்ணின் முகத்தில் விழுந்திருந்தது.
அதன் பின் படம் தீர்ந்து
கறுப்பில் ஒலி மட்டும் நாலு விநாடி ஓடும்.
அங்கே ஒரு குரல், சின்னதாக:
"என் சைக்கிளை எழுதலையே."
ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று
வெட்டி எறிய இருந்தேன்.

இப்போது அந்த வார்த்தைகள்
பத்தொன்பது வயது சிகப்பியின் வாயில் வந்து உட்கார்ந்தன.
உதடு 'சை'க்குத் திறக்கிறது.
கண் இடப்பக்கம் போகிறது.
யாரும் திரும்பவில்லை. பக்கத்தில் ஒருத்தி
அவள் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்கிறாள்.

"திரும்பப் போடுங்க" என்றார்.
போட்டேன்.
"கேட்டேன்னே ஞாபகம் இல்லை.
கேட்காம விட்டுட்டோம்னுதான்
இத்தனை வருஷம் என் மேலேயே கோபம்."

சைக்கிள் எங்கே நிற்கிறது என்று
ஐந்து தரம் பின்னே இழுத்துப் பார்த்தோம்.
கேமரா அந்தப் பக்கம் போகவே இல்லை.

நானூறு ரூபாய் வாங்கினேன், ரசீது கேட்டார்.
"ஒலி சரிசெய்தது" என்று எழுதினேன்.
அதை வாங்கி மடிக்காமல் யோசித்துவிட்டு,
"வக்கீல் லிஸ்ட்டுல நாற்பத்தி ரெண்டு அயிட்டம்.
நாற்பத்தி மூணு போடச் சொல்லப்போறேன்" என்றார்,
"பச்சைக் கலர், முன்னாடி கூடை வச்சது."