மடி

ஏழரைக்கு டேங்கர் வரும்.
அதற்குள் கேன் நிறைய வேண்டும்.
பைதடி மலைச்சரிவில்
பால் சங்கத்துக் கணக்கன் நான்.
கொழுப்பு பார்ப்பேன், தண்ணீர் பார்ப்பேன்,
பெயரின் பின்பாதியைப் பார்ப்பதில்லை என்று
சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

செவ்வாயன்று
ஓஜா வீட்டுக் கொம்பொடிந்த எருமையை
வட்டிக்கு வாங்கிய பணத்தில்
ஓட்டிப்போனாள் தன்சரா லோஹார்.
புதன் காலை அவள் கொண்டுவந்த பால்
ஏழு புள்ளி இரண்டு.
திங்களன்றும் அந்த எருமைக்கு
ஏழு புள்ளி இரண்டுதான்.

வரிசையில்
மூடிகள் ஒவ்வொன்றாகத் திருகி இறுகின.
யாரும் வாய் திறக்கவில்லை.
நான்தான் திறந்தேன்:
"கேன் நிறைஞ்சிடுச்சு, அக்கா."

எட்டிப் பார்த்தாள்.
பாதிதான் இருந்தது.
போய்விட்டாள்.

சனிக்கிழமை கயிற்றை அறுத்துக்கொண்டு
எருமை பழைய தொழுவத்தில் போய் நின்றது.
பால் கட்டி மடி வலிக்குமே என்று
ஓஜாவின் மருமகள் கறந்து
இங்கே கொடுத்தனுப்பினாள்.
ஊற்றினேன். எழுதினேன்.
ஒரு மூடியும் இறுகவில்லை.

எருமைக்கு ஒரு மடிதான், காம்பு நாலு.
இன்னொரு மடியை
நாங்கள் உடுத்திக்கொண்டு நிற்கிறோம்.
அதில் பாலுக்குக் காவல் நான்,
பூனைக்கும் தோழன்.

மாதக் கடைசியில் வந்தாள்.
"சனிக்கிழமைப் பால் என் எருமையோடது.
அந்தக் காசு?"

பதிவேட்டைத் திருப்பினேன்.
ஓஜா என்றிருந்தது, என் கையெழுத்தில்.
ரப்பரைத் தேடினேன்,
பேனாவில் எழுதியதென்று தெரிந்தும்.
அவள் நின்றுகொண்டிருந்தாள்.