வூக்காட்டியில் ஏழரைக் கிலோமீட்டர்

என் இடுப்பில் கட்டிய சின்ன ஒலிபெருக்கிதான்
ஹில்க்காவுக்குப் பாதை.
மைனஸ் பதினேழு. மூக்குமயிர் உறைந்து குத்துகிறது.
நான் முன்னே, அவள் பின்னே,
நடுவில் இரண்டு சறுக்குக்கட்டை நீளம்.

முதல் குளிர்காலத்தில் நிறையப் பேசினேன்:
பிர்ச் மரங்கள், அவற்றின்மேல் பழுக்காத வெயில்,
உறைந்த ஏரியில் தனியாகத் தூண்டில் போடும் கிழவர்.
மூன்றாம் நாள் கோலை ஊன்றி நின்றாள்.
"ரைமோ, நான் சுற்றுலா வரவில்லை.
எந்தப் பக்கம், எத்தனை மீட்டர், எவ்வளவு சரிவு.
மீதியை வீட்டில் போய்ச் சொல்."

கயானி வரி அலுவலகத்தில்
வாரம் நான்கு நாள் தொலைபேசியில்
பிறர் கணக்கைத் திருத்துகிறவள்.
எண்ணில் யாராவது பொய் கலந்தால்
அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

அன்றிலிருந்து,
இடம். வலம். ஏற்றம்.
நேர். நேர். நேர்.
இறக்கத்துக்கு மட்டும் ஒன்று முதல் ஐந்து வரை.
ஐந்தென்றால் முட்டியை மடக்கு,
உயிரைக் கையில் பிடி.

ஒருமுறை வாய் தவறிவிட்டது:
"பார்த்துப் போ!"
சிரித்துக்கொண்டே வளைவைக் கடந்தாள்.
"வேலையைப் பிரித்துக்கொள்வோம்.
நீ பார்.
நான் போகிறேன்."

இன்று பந்தயம்.
வேலிக்கு அப்பால் ஒரு பெண்மணி
காபிக் குவளையைப் பிடித்தபடி கண் கலங்குகிறாள்.
சொன்னேன்.
"போன வருட என் நேரம் தெரிந்தா அழுகிறாள்?" என்றாள்,
கறுப்புக் கண்ணாடியை இறுக்கிக்கொண்டு.

இரண்டாம் கிலோமீட்டர் இறக்கம்.
இரவெல்லாம் வீசிய காற்று பனியைச் சீவியெடுத்து
வெறும் ஐஸை விட்டுவைத்திருந்தது.
போன வாரம் அவள் தோள்பட்டை இடித்த இடம்.
"மூன்று" என்றேன்.

துப்பாக்கிகளிடம் வந்து சேரும்வரை
பின்னால் ஒரு சத்தம் இல்லை.

இங்கே எனக்கு வாய்ப்பூட்டு. விதி அப்படி.
அவள் பனிப்பாயில் கவிழ்ந்து
காதுகளை மூடிக் குறியைத் தேடுகிறாள்.
விலகியிருந்தால் தடித்த ஓசை;
நெருங்க நெருங்க மெலிந்து ஏறி
உச்சியில் ஓர் ஊசிமுனைச் சுருதி.
அங்கே நிற்க வேண்டும் மூச்சு.
நிமிடத்துக்கு நூற்றெழுபது துடிக்கும் நெஞ்சு
ஒவ்வொரு துடிப்பிலும் ஊசியை உடைக்கிறது.
அவள் காத்திருக்கிறாள்,
இரண்டு துடிப்புக்கு நடுவே
ஒரு தானியம் அளவு அமைதிக்கு.

நான்கு விழுந்தன. ஐந்தாவது தப்பிற்று.

தண்டனை வளையத்தில் சுற்றும்போது
மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள்:
"அது மூன்றா?"
"ஐஸ் இருந்தது. போன வாரம் நீ விழுந்..."
"விழுந்தது நான். பயந்தது நீ.
உன் பயத்தை என் எண்ணில் கலக்காதே."

பதில் இல்லை என்னிடம்.
"இடம்" என்றேன், வளையம் முழுக்க அதுதானே.

மறுபடி அதே இறக்கம்.
"ஐந்து."
என் குரல் கிறீச்சிட்டது.
பின்னால் கட்டைகள் ஐஸைக் கிழிக்கும் ஓசை
குறையவில்லை, கூடியது.
"வேகமாகப் போயேன்!" என்று கத்துகிறாள்.
நான்தான் குதிகால்களை விரித்து
வேகத்தைக் கொன்றுகொண்டிருந்தேன்.
விட்டேன்.
விட்டதும் விழுந்தேன்.

முகம் நிறையப் பனி. ஒரு கோலைக் காணோம்.
பக்கத்தில் அவள் கடந்த காற்று.
தலை தூக்கிப் பார்க்கிறேன்:
முட்டி மடங்கி, முதுகு தாழ்ந்து,
என் சொற்களைத் தானே சொல்லிக்கொண்டு போகிறாள்,
நேர். நேர். நேர்.

அடிவாரத்தில் நின்றாள்.
ஒரு கஜகஸ்தான்காரியும் அவள் வழிகாட்டியும்
எங்களைத் தாண்டிப் போனார்கள்.
ஹில்க்கா அவர்கள் பக்கம் திரும்பவில்லை.
காதை மேட்டுப் பக்கம் சாய்த்து,
"எங்கே இருக்கிறாய்? குரல் கொடு.
உடைந்திருக்கிறதா ஏதாவது?"

"கோல் மட்டும்."

"சரி, வா. அடுத்தது என்ன?"

பனியைத் துப்பினேன்.
"இறக்கம். இரண்டு."

நின்றாள், கேட்பதுபோல.

"நிஜமாகவே இரண்டு."