தன்மைப் பன்மை

பகலில் என் பெயர் சோஃபி.
லியோன் நகரத்தில் எவருக்கோ ரூட்டர் கெட்டுப்போனால்
எபேன் கோபுரத்தின் ஒன்பதாம் தளத்தில்
நான்தான் வருந்துகிறேன்,
எழுதித் தந்த வருத்தத்தை, எழுதித் தந்த அளவில்.
அங்கே மழையா என்று கேட்கலாம்.
இங்கே மழை என்று சொல்லிவிடக் கூடாது.

இரவில், ரோஸ் ஹில்லில்,
சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு
ஒரு நகரத்தை எழுதுகிறேன்.
அங்கே ஒருமை கிடையாது.
எனக்குப் பசிக்கிறது என்பது வாக்கியப் பிழை;
மணியடித்தால் எல்லாருக்கும் பசிக்கும்.
கண்ணாடி சதுக்கத்தில் மட்டும்,
கூட்டமாக நின்றுதான் பார்க்கலாம்.
கனவைக் காலையில் ஒப்படைத்து
ரசீது வாங்க வேண்டும்.

நாற்பது பக்கம் நன்றாகத்தான் போனது.
அடுத்த பக்கத்தில் என் நாயகன்
கூரையேறி ‘நான்’ என்று கத்த வேண்டும்.
இந்த மாதிரிக் கதைகளில் யாராவது கத்துவார்கள்,
புறாக்கள் பறக்கும், அத்தியாயம் முடியும்.
மூன்று வாரமாக அவனைக் கூரைமேல் நிறுத்தியிருக்கிறேன்.
நனைகிறான், பாவம்.
என்னால் அவனை நம்ப முடியவில்லை.

‘நான்’ சொல்ல எபேனில் யாருக்குத் தடை?
ஆளுக்கொரு தடுப்பு, ஆளுக்கொரு இலக்கு,
மாதக் கடைசியில் ஆளுக்கொரு கடிதம்.
ஜெரால்தீனின் கடிதத்தில் என்ன இருந்தது என்று
ஒரு கை தூரத்தில் இருந்த எனக்குத் தெரியாது.
மறுநாள் அவள் நாற்காலி, அதே உயரம்,
வேறொருத்தி.

அன்று மேலாளர் கேக் வெட்டினார்.
நாம் ஒரே குடும்பம், என்றார்.
பிரெஞ்சில்தான்; என் காது தானாகத் தமிழாக்கியது.
ஆக்கியபோதுதான் இடறியது.

பிரெஞ்சுக்கு ஒரே ‘நூ’. கிரியோலுக்கும் அதே ‘நூ’.
தமிழில் இரண்டு கதவு.
நாம்: கேட்கிற நீயும் உள்ளே வா.
நாங்கள்: நீ கொஞ்சம் வெளியே நில்.
பன்னிரண்டு வயதில், சனிக்கிழமை வகுப்பில்,
பொருள் தெரியாமல் ஒப்பித்த
உளப்பாட்டுத் தன்மைப் பன்மை
இருபது வருடம் கழித்து
கேக் தட்டோடு என் முன்னால் வந்து நின்றது.

என் நகரத்து ஒலிபெருக்கி நாள்முழுக்கச் சொல்வது
நாம், நாம், நாம்.
சொல்லும்போதே கேட்பவனை விழுங்கிவிடும் சொல்.
அங்கே ‘நான்’ஐத் தடைசெய்யவே வேண்டியதில்லை.
தனியாகக் கத்துகிறவனுக்கு
ஒரு கட்டில், ஒரு மாத்திரை போதும்.
அவர்கள் பயப்படுவது வேறெதற்கோ.

வெள்ளி மாலை, மெட்ரோ நிறுத்தத்தில்,
நசீமா சம்பளச் சீட்டை விரித்துக் காட்டினாள்.
யாருக்கும் காட்டக் கூடாத தாள்.
பிறகு லோரான். பிறகு, கை நடுங்க, நான்.
மூன்றிலும் ஒரே பிடித்தம்,
அதே எழுத்துப்பிழை.
என் சீட்டின் தலைப்பை நசீமா எழுத்துக்கூட்டிப் படித்தாள்:
தெய்வானை வையாபுரி.
நான்கு வருடத்தில் அந்தத் தளத்திலிருந்து
ஒருவர் வாயில் என் பெயர்.
வண்டி போய்விட்டது. அடுத்ததையும் விட்டோம்.

‘நூ,’ என்றாள் நசீமா,
முகவாயால் ஒன்பதாம் தளத்தைக் காட்டி.
அவள் மொழியில் அதற்கு வேறு சொல்லில்லை.
முகவாய் போதுமாயிருந்தது.

அன்றிரவு நாயகனைக் கூரையிலிருந்து இறக்கினேன்.
கீழே, சலவைக்கூடத்தில்,
இரண்டு பேர் ஒரு போர்வையைப் பிழிகிறார்கள்.
ஒருத்தி வலப்பக்கம் முறுக்க
மற்றவள் இடப்பக்கம்.
ஒலிபெருக்கி ‘நாம்’ என்று தொடங்குகிறது.
அவர்களில் ஒருத்தி, தலை தூக்காமல்,
சத்தமில்லாமல் திருத்துகிறாள்:
நாங்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
ஆனால் இந்தச் சொல்லுக்கும் ஒரு வெளிப்புறம் உண்டு.
ஜெரால்தீனின் எண் என்னிடம் இல்லை.
நாளை நசீமாவிடம் கேட்க வேண்டும்.