கணியம்

கொக்கிரகுளம், இரண்டாம் மாடி.
ஏசி ஒழுகும் அறையில்
கடலுக்கு வண்ணம் அடிப்பது என் வேலை.
ஒப்பந்தம் பதினோரு மாதம்.
மீன் முட்டையிடும் இடத்துக்கு ரோஸ்,
கப்பல் போகும் தடத்துக்குச் சாம்பல்,
காற்றாடி நடப்போகிற தண்ணீருக்கு மஞ்சள்.
வெள்ளையாக எதையும் விடக் கூடாது.
வெள்ளை தெரிந்தால்
திட்டம் முடியவில்லை என்று அர்த்தமாம்.

ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்.
கடலென்றால் எனக்கு
உவரி சுயம்புலிங்கம் கோயிலுக்கு
வேனில் போய் வாந்தியெடுத்த ஒரு பகல்.

கூட்டப்பனை சமுதாயக் கூடத்தில் கருத்துக்கேட்பு.
சுவரில் ஒட்டிய கடலை
மின்விசிறி கிழிக்கப் பார்த்தது.
முதல் கேள்வி, கடைசி பெஞ்சிலிருந்து:
"இந்தக் கோட்டுக்கு எங்கன கம்பு ஊனுவிய?"
ஏலம் கூறுகிற ஜெனோவா எழுந்தாள்:
"ரோஸுக்குள்ள போயி முட்டை போடுன்னு
மீனுட்ட யாரு சார் சொல்லுவா?"
கூடமே சிரித்தது, சாரும் சிரித்தார்.
'மக்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்'
என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.
எழுதினேன்.

மறுநாள் விடியுமுன் தொபியாஸின் வள்ளம்.
என் மடியில் ஜிபிஎஸ் கருவி,
வாயில் இஞ்சி மிட்டாய்.
மூன்று பார் காட்டினார்.
கோயில் உச்சியும் மகேந்திரகிரியின் இடது தோளும்
ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் முதலாவது.
இரண்டாவதற்கு ஒரு செங்கல் சூளை.
மூன்றாவதற்கு,
அணு உலையின் இரண்டு குண்டுக்கு நடுவே
ஒற்றைக் காற்றாடி வரணும்.
அந்த உலையை எதிர்த்து மணலில் உட்கார்ந்து
கேஸ் வாங்கியவர்.
"அசையாம நிக்கில்லா. கணியத்துக்கு அது போதும்."

திரும்பும் வழியில்
சும்மா கிடந்த தண்ணீரில் இஞ்சினை நிறுத்தினார்.
மலையை ஒருமுறை பார்த்தார்.
பிறகு கரையில் எதையோ.
வலை இறக்கவில்லை, தூண்டில் எடுக்கவில்லை.
பிள்ளை தூங்குகிறதா என்று
கதவு மறைவில் நின்று பார்ப்பவர்போல
கொஞ்ச நேரம்.
நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.
"இங்க என்ன இருக்கு?"
"ஒண்ணுமில்லம்மா. இஞ்சின் சூடு ஆறட்டு."
இஞ்சினில் கை வைத்துப் பார்த்தேன்.
அப்படியொன்றும் சுடவில்லை.

அலுவலகத்தில் கணினி
எங்கள் தடத்தை நூலாக இழுத்துக் காட்டியது.
நூலில் ஓரிடத்தில் முடிச்சு.
பதினொரு நிமிடம்.

ரோஸ் அடித்தால் சட்டம் காவல் நிற்கும்.
ஆனால் வரைபடம் எல்லோருக்கும் திறக்கும்.
எந்த ஊர் விசைப்படகிலும்
ஒருவன் போனைத் தட்டினால் போதும்,
வழி சொல்லிக்கொண்டே வரும்.
அடிக்காவிட்டால்
மஞ்சள் ஒரு விரற்கடைத் தூரத்தில் இருக்கிறது.
கோப்பு மேலே போகப் போக
மஞ்சள் வளரும், பார்த்திருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு
மஞ்சளை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தேன்.
முடிச்சின்மேல் சாம்பல் பூசினேன்.
குறிப்புக் கட்டத்தில்
'இயந்திரக் கோளாறு' என்று போட்டேன்.
யாராவது கேட்டால் சொல்ல
ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன்.
யாரும் கேட்கவில்லை.
சார் கையெழுத்துப் போட்டார்,
பேனா எழுதாமல் இரண்டாம் முறை உதறி.

காப்பாற்றினேனா, கைவிட்டேனா தெரியாது.
சாம்பல் என்றால் கப்பல் போகலாம்.
அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஒப்பந்தம் முடிந்துவிட்டது.
பாளையங்கோட்டையில் பேருந்து நெரிசலில் நிற்கும்போது
ஜன்னல் வழியே தேடுகிறேன்.
ஊசிக்கோபுரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்
நெருங்கி, நெருங்கி,
ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடம்.
"முப்பிடாதி, என்னத்தப் பாக்க?" என்றாள்
பக்கத்து இருக்கைத் தோழி.

ஒண்ணுமில்ல.
இஞ்சின் சூடு ஆறட்டு.