மூன்று சுழி

முதலில் டிஸ்பென்சரிக்குத்தான் போனேன்.
நெஞ்சு கனக்குதுங்க என்றேன்.
மருந்தய்யா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.
பனடோல் ஆறு எண்ணிக் கொடுத்தார்.
நாக்கில் என்ன எழுதியிருந்ததோ.

பிறகு ரோதமுனிக்கு ஒரு தேங்காய்,
கையில் கறுப்புக் கயிறு.
பதினெட்டு கிலோ எடுத்தவள்
பதினொன்று எடுத்தேன், ஒன்பது எடுத்தேன்.
செக்ரோலில் அரைப்பேர் விழுந்தது.
சரிதான்,
பாதி ஆள்தானே மலையேறினேன்.

ஆனி மழை.
லயத்துத் தகரத்தில் ராமுழுக்க
யாரோ அரிசி புடைக்கிறார்கள்.
பிள்ளைகள் தூங்கின பிறகு
பீலிக்கரையில் போய் உட்கார்ந்தேன்.
எதற்கென்று எனக்கே நான் சொல்லவில்லை.

எட்டாம் காம்பரா ஜெசிந்தா
குடமில்லாமல் வந்தாள்.
தண்ணிச் சண்டையில்
ஒரு வருசமாக எங்களுக்குப் பேச்சில்லை.
படங்கை விரித்து இருவர் தலைக்கும் போட்டாள்.
"செத்துரணும்னு இருக்கா?"
உப்பு இருக்கா என்று கேட்கிற மாதிரி.

இருக்கு என்றேன்.

இந்த ஒரு சொல்லை இறக்கி வைக்கவா
இத்தனை நாள் இடம் தேடினேன்!
அவள் அலறவில்லை, சாமி பேர் சொல்லவில்லை.
"சரி. விடியிற வரைக்கும் நான் இருக்கேன்.
விடிஞ்சா பஸ்."
அவள் போனில் ஒரு நம்பர் இருந்தது.
முதலில் சிங்களம், பிறகு
யாழ்ப்பாணத்துக் குரல்:
"சொல்லுங்கோ அம்மா, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."
குரலுக்குப் பொறுமை இருந்தது.
போனுக்குத்தான் சார்ஜ் இல்லாமல் போனது.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் பின்னால்
சலவை காயும் கொடி தாண்டி
சமையல்கட்டுப் புகை தாண்டி
அறை ஒன்பது.
பலகையில் மூன்று மொழி.
மற்ற இரண்டும் சரியாகத்தான் இருந்திருக்கும்.
தமிழில்: மணநலப் பிரிவு.

மூன்று சுழி.
மணத்தில் நலமிருந்தால்
இந்த மனத்தைத் தூக்கிக்கொண்டு
நான் ஏன் பஸ் ஏறுகிறேன்?
ஜெசிந்தாவுக்குக் காட்டினேன். சிரித்தோம்,
அடக்க அடக்க வந்தது.
சிரிக்கிறவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று
வரிசை திரும்பிப் பார்த்தது.

டாக்டர் சிங்களப் பெண், சின்ன வயசு.
நடுவில் தமயந்தி மிஸ்
இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே
பேச்சைச் சுமந்தாள்.
நெஞ்சு கனக்குது என்றேன்.
அதை உடனே அந்தப் பக்கம் அனுப்பவில்லை.
"எத்தனை கிலோ?" என்றாள்.

யோசித்தேன்.
காலையில் பதினெட்டு.
மத்தியானம் கொஞ்சம் இறங்கும்.
ராவைக்குத் தராசு தாங்காது.
டாக்டர் எழுதினாள்,
பதினெட்டுக்குக் கீழே ஒரு கோடு போட்டாள்.

மருந்துக்குக் கூப்பிடும்போது
மாரிமுத்து லோகநாயகி என்று
முழுசாகக் கூப்பிட்டார்கள்.
அன்றைக்குச் செக்ரோலில்
எனக்குப் பேரே இல்லை.

பதினோரு செவ்வாய் போயிருக்கிறது.
கறுப்புக் கயிறும் கையில் இருக்கிறது,
அவிழ்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
சில நாள் ஆறு கிலோ.
போன வெள்ளி பத்தொன்பது,
பொய் சொல்ல மாட்டேன்.
அன்றைக்கு நானே ஜெசிந்தா கதவைத் தட்டினேன்.
தண்ணிச் சண்டை இன்னும் தீரவில்லை,
அது வேற கணக்கு.

நேற்று கொழுந்து நிறுக்கிற இடத்தில்
கவ்வாத்துக்காரத் திருச்செல்வம்
தன் செருப்பைப் பார்த்தபடி:
"அக்கா, நம்ம கூட்டாளி ஒருத்தனுக்கு...
அந்த ரூம் எங்கன இருக்கு?"

எந்தக் கூட்டாளி என்று கேட்கவில்லை.
சலவைக் கொடி, சமையல் புகை, இடதுகைப் பக்கம்.
மூணு சுழி போட்டிருக்கும், திரும்பி வந்துராத.
பஸ் காசு இல்லேன்னா சொல்லு.

பிறகு, பீலிக்கரையில் என்னைக் கேட்டதை
அவனைக் கேட்டேன்,
உப்பு கேட்கிற மாதிரி.
என் குரல் அவ்வளவு நன்றாக வரவில்லை.

தராசில் யாருடையதோ சாக்கு.
முள் ஆடிக்கொண்டிருந்தது.
அது நிற்கிற வரைக்கும்
இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.